மூளைத் தமனியின் அடைப்பைக் கண்ட வரலாறு

பக்கவாதம் என்னும் சொல்லை ஆக்கிய நம் முன்னோர், நோய் எங்கே தோன்றுகிறது என்பதை நோக்கிப் பெயரிடவில்லை. எங்கே தெரிகிறது என்பதை நோக்கியே பெயரிட்டனர். உடலின் ஒரு பக்கம் செயலற்றுப் போகிறது. கை எழவில்லை, கால் ஊன்றவில்லை, வாய் கோணுகிறது, நாக்குக் குழறுகிறது. ஆதலின் பக்கத்தைப் பற்றிய வாதம் என்றனர். நாம் குடியேறி வாழும் இக்கேரள நாட்டில் அதனைப் பக்ஷாகாதம் என்பர். பக்ஷம் என்பதும் பக்கமே. மேலை நாட்டார் பெயரும் இவ்வகையினதே. கிரேக்கர் வழங்கிய அப்போப்ளெக்ஸி என்ற சொல்லுக்கு அடித்து வீழ்த்துதல் என்று பொருள். ஆங்கிலேயர் வழங்கும் ஸ்ட்ரோக் என்பதும் அடி என்னும் பொருளுடையதே. எம்மொழியை எடுத்தாலும் விளைவுக்குப் பெயர் கிடைக்கிறது. காரணத்துக்குப் பெயர் இல்லை. காரணம் மண்டையோட்டுக்குள் மறைந்து கிடந்தமையே இதற்குக் காரணமாகும்.

அக்காரணத்தை மருத்துவர் கண்ட வரலாற்றை இவ்விழா மலரில் எழுதப் புகுந்ததற்கு இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று, அவ்வரலாற்றில் நம்மவர் ஒருவருக்கு, அதிலும் நம்மைப் போலவே நெல்லைச் சீமையிலிருந்து மலையாள நாட்டுக்கு வந்த குடும்பம் ஒன்றின் மைந்தருக்குப் பெரும்பங்கு உண்டு. அஃது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிற் பலவற்றுக்குத் தெரியாது. மற்றொன்று, “ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை” என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப் போகவில்லை. அச்சொல்லில் எவ்வளவு ஆபத்து உண்டு என்பது இவ்வரலாற்றை அறிந்தால் விளங்கும்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாய்க்குத் தமனி என்று பெயர். மூளைக்குக் குருதி செல்வது நான்கு தமனிகளின் வழியாக. இரண்டு, கழுத்தின் முன்புறத்தில் தொட்டால் துடிப்பவை. ஏனைய இரண்டு, பிடரி எலும்பின் துளைகளூடே மேலேறுபவை. பக்கவாதம் இரண்டு வழியாக வருகிறது. தமனி வெடித்துக் குருதி மூளைக்குள் கசிவது ஒரு வழி. தமனி அடைபட்டு, அப்பாலுள்ள மூளைப்பகுதி குருதியின்றி வாடுவது மற்றொரு வழி. நம் நகரிலும் பிறவிடங்களிலும் பெரும்பாலோர்க்கு நேர்வது அடைப்பே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு தேர்ந்த மருத்துவரும் கையையும் நாடியையும் பார்த்து மட்டும் இது வெடிப்பு, இஃது அடைப்பு என்று உறுதி கூற இயலாது. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதற்கு நஞ்சு.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான் யாக்கோப் வெப்ஃபர் என்பார் 1658-இல் வெளியிட்ட நூலில், இந்நோயால் இறந்தோரின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே குருதி கசிந்திருந்ததை எழுதினார். குருதி மூளைக்குள் செல்வது தடைப்பட்டாலும் இந்நோய் வரலாம் என்றும் அவர் கருதினார். ஆறாண்டுகள் கழித்து, 1664-இல், ஆங்கில நாட்டுத் தாமஸ் வில்லிஸ் மூளையின் அமைப்பைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். மேற்சொன்ன நான்கு தமனிகளும் மூளையின் அடிப்புறத்தில் ஒன்றோடொன்று கூடி ஒரு வளையமாக அமைந்திருப்பதை அந்நூல் தெளிவாகக் காட்டிற்று. அந்நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் ஒருவர், இலண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென். கழுத்துத் தமனி ஒன்று முற்றிலும் அடைபட்டிருந்தும் பக்கவாதம் காணாமல் வாழ்ந்து, வேறு நோயால் இறந்த ஒரு மனிதனைப் பற்றி வில்லிஸ் எழுதியிருக்கிறார். ஏரிக்கு ஒரு மதகு அடைபட்டாலும் மறு மதகின் நீர் வாய்க்கால் வழியே சுற்றிவந்து வயலை நனைப்பது போல, அவ்வளையத்தின் வழியாக மற்றத் தமனிகளின் குருதி வந்து காப்பாற்றியது. இச்செய்தி இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வேண்டப்படும்.

இவையெல்லாம் இறந்தோர் உடலில் கண்டவை. உயிரோடிருப்பவரின் மூளைத் தமனியைக் காண இன்னும் இருநூற்றறுபது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1895-இல் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். அக்கதிர் எலும்பைக் காட்டியது. ஆனால் மூளையும் குருதியும் அதன்முன் ஏறத்தாழ ஒரே நிறம். போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரத்து ஏகஸ் மோனிஸ், ஊடுகதிரை மறைக்கும் மருந்தைக் கழுத்துத் தமனிக்குள் செலுத்தினால் தமனியின் உருவம் படத்தில் விழும் என்று எண்ணினார். முதலில் பயன்படுத்திய புரோமைடு உப்பால் ஒருவர் உயிரிழக்கவே, அதனை விடுத்து அயோடின் உப்பை எடுத்துக்கொண்டார். 1927 ஜூன் 28-ஆம் நாள் முதன்முதலாக உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகள் தெளிவாகப் படத்தில் விழுந்தன. பத்தாண்டுகளுக்குப் பின், 1937-இல், கழுத்துத் தமனி அடைபட்டுப் பக்கவாதம் வந்தவர்களின் படங்களையும் அவரும் அவருடைய தோழர்களும் வெளியிட்டனர். மோனிசுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதற்காக அன்று. மனநோயாளிகளின் மூளை நரம்பைத் துண்டிக்கும் அறுவைக்காகக் கிடைத்தது. அவ்வறுவை பின்னர்க் கைவிடப்பட்டது. தமனிப் படமோ இன்றும் நிலைத்து நிற்கிறது. பரிசு வழங்குவோர் எப்பொழுதும் சரியான பொருளையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நாம் நம்ப வேண்டியதில்லை.

நம் நாட்டில் மூளை நோய்களுக்கென்று தனித்துறை தோன்றியது விடுதலைக்குப் பின்னரே. கோட்டயத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையைத் தொடங்கினார். சீர்காழியிற் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். அவர்கள் இருவரும் வேறு சிலரும் கூடி 1951-இல் இந்திய நரம்பியற் கழகத்தை நிறுவினர். மலையாளி ஒருவர் தமிழகம் சென்று ஒரு துறைக்குக் கால்கோள் செய்ததை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். அக்காலத்தில் மூளைத் தமனியைக் காணவேண்டுமாயின் கழுத்துத் தமனியிலேயே ஊசி ஏற்றுவார்கள். அவ்வூசியாலேயே பக்கவாதம் வருவதும் உண்டு. அடைப்பைக் கண்டாலும் அதனை நீக்க மருந்தில்லை. ஆகவே முடங்கியவரைப் படுக்கையிற் கிடத்தி, நாளடைவில் எவ்வளவு தேறுகிறாரோ அவ்வளவு தேறட்டும் என்று விட்டுவிடுவதே வழக்கமாயிருந்தது. மருத்துவரைக் குறை கூற இயலாது. காண்பதால் பயனில்லாத பொருளை ஆபத்துக்கு அஞ்சாமல் யார் காண முற்படுவர்?

நிற்க. இனி நம்மவரைப் பற்றிப் பேசுவோம்.

திருநெல்வேலியை அடுத்த கோபாலசமுத்திரம் நம்மில் பலருக்குத் தெரிந்த ஊர். அவ்வூரின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கிய குடும்பத்தில், 1922 அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். மைந்தர் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பயின்று, பெங்களூர் சென்று சர் சி. வி. ராமனிடம் ஆய்வு மாணவரானார். 1952-இல், முப்பது வயது நிறையுமுன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்தது சென்னையில்தான். புரதங்களின் மடிப்பைக் காட்டும் அவருடைய வரைபடத்தை இன்றும் உலகெங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். இவ்வளவும் பலர் அறிந்ததே. மூளைப் படத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அறியப்படாதது.

பாலக்காட்டுப் பக்கத்துக் கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கக்கூடும். கம்பராமாயணத்தைத் தழுவி அங்கே ஆடுகிறார்கள். திரைக்குப் பின்னே இரண்டு பாவைகள் ஒன்றன் முன் ஒன்றாக நின்றால், திரையில் நிழல்கள் ஒன்றாகக் கலந்துவிடும். எது இராவணன், எது கும்பகருணன் என்று சொல்ல இயலாது. சாதாரண ஊடுகதிர்ப் படமும் அத்தகைய நிழற்கூத்தே. தலையின் ஒரு புறத்திலிருந்து கதிரைச் செலுத்தினால், வழியிலுள்ள எலும்பு, மூளை, குருதி யாவும் ஒரே நிழலாக மறுபுறம் விழும். ஆனால் விளக்கைப் பாவைகளைச் சுற்றிலும் நகர்த்தி நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழல்களைப் பிடித்தால், அந்நிழல்கள் யாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டு, பாவைகள் நின்ற இடத்தைத் தனித்தனியே சொல்லிவிடலாம். இது முடியும் என்பதை ராடோன் என்னும் ஆஸ்திரியக் கணித அறிஞர் 1917-இலேயே நிறுவினார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆலன் கார்மாக் அதனை ஊடுகதிருக்குப் பொருத்தி 1963-இலும் 1964-இலும் கட்டுரைகள் எழுதினார். அவற்றைப் படித்தோர் மிகச் சிலரே.

இக்கருத்தைக் கருவியாக்கியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் வேலை பார்த்தது மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ அன்று, ஈ.எம்.ஐ. என்னும் இசைத்தட்டு நிறுவனத்தில். குழாய் வைத்த இசைப்பெட்டியின் முன் நாய் அமர்ந்திருக்கும் இசைத்தட்டுகளை நம் வீடுகளில் சுழலவிட்டுக் கச்சேரி கேட்டோமே, அதே நிறுவனந்தான். முதற் சோதனையில் ஒரு மூளையைப் படம் பிடிக்க ஒன்பது நாள்கள் ஆயின. பின்னர்க் கருவியைத் திருத்தி, 1971 அக்டோபர் 1-ஆம் நாள் இலண்டனை அடுத்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தனர். குறுக்கே 80, நெடுக்கே 80 என்ற கட்டங்களால் ஆன கரடுமுரடான படம். ஆயினும் மூளைக்குள் இருந்த கட்டி தெரிந்தது. சி.டி. ஸ்கேன் பிறந்தது அன்றுதான்.

ஹவுன்ஸ்ஃபீல்டு நிழல்களைக் கூட்டிய முறை, விடையை ஊகித்துத் திருத்தி, மீண்டும் ஊகித்துத் திருத்தும் நெடுங்கணக்கு. அதே 1971-ஆம் ஆண்டில் ராமச்சந்திரனும் அவருடைய உடனாய்வாளர் ஏ. வி. லட்சுமிநாராயணனும், அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் ஏட்டில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். ஊடுகதிர்ப் படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவை விரைவாகக் கட்டியெழுப்புவது எவ்வாறு என்பது அதன் பொருள். அதன் சாரத்தை எளிய சொற்களில் கூறலாம். ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பிப் பரப்பினால், எல்லா நிழல்களும் கூடுமிடத்தில் உருவம் தோன்றும். ஆயின் அதைச் சுற்றிலும் ஒத்துத் தாளில் மை ஊறினாற்போல மங்கல் படரும். பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு நிழலின் இருமருங்கிலும் தக்க அளவு கழித்தல் எண்களை வைத்துவிட்டால், பரப்பும்போது அவை மங்கலை அடித்துவிட்டுத் தெளிந்த உருவை மட்டும் நிறுத்தும். கணக்கு எளிது, சிறிய கணிப்பொறிக்கும் போதும், ஒரு கோணத்தின் நிழல் வந்தவுடனே அதற்குரிய வேலையை முடித்துவிடலாம். வானொலி விண்ணாய்வில் பிரேஸ்வெல் என்பார் 1967-இல் இதையொத்த வழியைக் கண்டிருந்தார் என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். நம்மவர் தாமாகவே அதனை அடைந்தனர். உலகின் ஸ்கேன் இயந்திரங்கள் பல்லாண்டுகளாக இவ்வழியையே அடிப்படையாகக் கொண்டு இயங்கின. அக்கணக்குக்கு இன்றும் பாடநூல்களில் ராம்-லாக் என்று பெயர். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்னும் இரு பெயர்களின் தலையெழுத்துகள் அவை.

1979-இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் வழங்கப்பட்டது. அவர்கள் தகுதியில் ஐயமில்லை. 2001-இல் சென்னையில் காலமான ராமச்சந்திரனுக்கு அப்பரிசு எத்துறையிலும் கிட்டவில்லை என்பதில் நமக்குள்ள வருத்தம் நியாயமானதே.

கருவி வந்துவிட்டது, அடைப்புத் தெரிந்துவிட்டதா? இல்லை. சி.டி. படம் முதலிற் செய்த உதவி வேறு. கசிந்த குருதி அதில் வெள்ளையாகத் தெரியும். ஆகவே வெடிப்பா, அடைப்பா என்னும் பழைய கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை கிடைத்தது. இது சிறிய ஆதாயம் அன்று. ஆனால் அடைப்பால் வந்த பக்கவாதத்தில், முதற் சில மணி நேரம் படத்தில் மூளை பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். குருதியின்றி வாடிய பகுதி நீரேறி வீங்கிக் கறுத்துத் தெரிவதற்குப் பல மணி நேரம் செல்லும். தெளிவாகத் தெரியும்போது அப்பகுதி இறந்துபட்டிருக்கும். மருத்துவத்தால் பயனுள்ள நேரத்தில் படம் வெறுமையாக இருக்கும். படம் நிறையும்போது மருத்துவத்துக்கு வேலை இராது! “ஒன்றுமில்லை” என்ற சொல்லின் ஆபத்து இதுவே. குருதிக் கசிவு ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். பக்கவாதம் இல்லை என்பது அதன் பொருளன்று.

இக்குழப்பத்திலிருந்து வெளிவர, மூளையைப் பார்ப்பதை விட்டுத் தமனியைப் பார்க்கவேண்டியிருந்தது. 1983-இல் கனடா நாட்டு லண்டன் நகரத்தில் காக்ஸ், ஃபாக்ஸ், பார்னெட், வினுவேலா என்னும் நால்வர் சி.டி. படத்தில் அடைப்பையே காணலாம் என்று கட்டுரை எழுதினர். மருந்து எதுவும் செலுத்தாத வெறும் படத்தில், மூளையின் நடுத் தமனி ஓடும் இடத்தில், ஒரு பக்கம் மட்டும் சிறிய வெள்ளைக் கோடு தெரியும். அதுவே தமனிக்குள் சிக்கிய உறைகட்டி. அது வெளுப்பானேன் என்று கேட்கலாம். ஸ்கேன் படத்தில் நீரின் மதிப்பு 0 என்றும் காற்றின் மதிப்பு கழித்தல் 1000 என்றும் வைத்து மற்றவற்றை அளப்பர். அவ்வளவைக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே இட்டிருக்கிறார்கள். ஓடும் குருதி ஏறத்தாழ 40 என்று காட்டும். குருதி உறையும்போது நீர்ப்பகுதி பிழிந்து வெளியேற, சிவப்பணுக்கள் நெருங்கி இறுகுகின்றன. மதிப்பு 60, 70, 80 என்று ஏறுகிறது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் வடிந்து கட்டியாவதைப் போன்றதுதான்.

இக்கோடு தெரிந்தால் பெரும்பாலும் அடைப்பு உண்டு என்று கொள்ளலாம். தெரியாவிட்டால் அடைப்பு இல்லை என்று கொள்ளலாகாது. சிவப்பணு குறைந்த கட்டி வெளுத்துத் தெரியாது. மேலும் அத்தமனியின் குறுக்களவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். பழைய இயந்திரங்கள் தலையை 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டுகளாகப் பார்த்தன. அத்துண்டுக்குள் இச்சிறு குழாயின் வெண்மை கரைந்துபோயிற்று. இன்றைய இயந்திரங்கள் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த துண்டுகளைக் காட்டுவதால் கோடு முன்னினும் நன்றாகத் தெரிகிறது. முதுமையில் தமனிச் சுவரில் படியும் சுண்ணாம்பும், சிவப்பணு மிகுந்த குருதியும் இதைப் போலவே வெளுத்து ஏமாற்றுவதுண்டு. ஆகவேதான் தேர்ந்த கண் மறுபக்கத்துத் தமனியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

இதனினும் உறுதியான வழி 1990-களில் வந்தது. இயந்திரம் நில்லாமல் சுழல, நோயாளி படுத்திருக்கும் பலகை நகர, தலையும் கழுத்தும் சில நொடிகளில் படமாகும் சுருள்முறை ஸ்கேன் 1989-ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்தது. கை நரம்பில் அயோடின் மருந்தைச் செலுத்தி, அது மூளைத் தமனிகளை நிறைக்கும் நொடியில் படம் பிடித்தால், மோனிஸ் கழுத்தில் ஊசியேற்றிக் கண்டதைக் கையில் ஊசியேற்றியே காணலாம். மருந்து சென்ற தமனி ஒளிரும். அடைபட்ட இடத்தில் ஒளி அறுந்து நிற்கும். சி.டி. ஆஞ்சியோகிராம் என்பது இதுவே.

கண்டபின் என்ன செய்வது? 1995 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று, நோய் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் உறைகட்டியைக் கரைக்கும் ஆல்ட்டிபிளேஸ் என்னும் மருந்தை நரம்பில் செலுத்தினால் முடக்கம் குறையும் என்று காட்டியது. 2008-இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு அவ்வெல்லையை 4½ மணி நேரமாக நீட்டியது. ஆனால் பெருந்தமனியில் சிக்கிய பெரிய கட்டியை இம்மருந்து பல வேளைகளில் கரைப்பதில்லை. தொடைத் தமனி வழியே நுண்குழாயை மூளைவரை செலுத்திக் கட்டியை இழுத்து வெளியே எடுத்தால் என்ன என்று எண்ணினர்.

இவ்விடத்தில் வரலாறு ஒரு நல்ல பாடத்தை வைத்திருக்கிறது. 2013-இல் மூன்று பெரிய ஆய்வுகள் ஒருங்கே வெளிவந்தன. இழுத்தெடுப்பதால் தனிப் பயனில்லை என்று மூன்றும் கூறின. பலர் அம்முறை முடிந்துபோயிற்று என்றே நினைத்தனர். ஆனால் அவற்றுள் பெரியதான, 656 பேரைக் கொண்ட ஆய்வில், பலருக்கு முதலில் தமனியைப் படம் பிடித்துப் பார்க்கவேயில்லை! எடுப்பதற்குக் கட்டி இருக்கிறதா என்பதையே அறியாமல் எடுக்கப் புகுந்திருக்கிறார்கள். பழைய கருவிகளும் காலத் தாழ்வும் கூடக் காரணமாயின. ஆயினும் முதற்காரணம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. நெதர்லாந்து மருத்துவர்கள் ஆஞ்சியோகிராமில் அடைப்பை உறுதி செய்துகொண்ட 500 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, புதிய வலைக் கருவிகளோடு ஆராய்ந்தனர். பிறர் துணையின்றி வாழும் நிலைக்குத் திரும்பியோர், கட்டியை எடுத்தவர்களில் நூற்றுக்கு 32.6, எடுக்காதவர்களில் 19.1. இம்முடிவு 2015 ஜனவரியில் அச்சேறியது. அவ்வாண்டிலேயே மேலும் நான்கு ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. இரண்டாண்டு இடைவெளியில் தோல்வி வெற்றியானதற்கு, முதலில் தமனியைக் கண்டுகொண்டமை பெருங்காரணம்.

2018-இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பளிப்பது. நலமாக இருந்ததாகக் கடைசியில் அறியப்பட்ட நேரத்திலிருந்து 6 முதல் 24 மணி நேரம் சென்றவர்களையும், மூளையில் இன்னும் சாகாத பகுதி மிகுந்திருப்பதைப் படத்தில் கண்டு தேர்ந்தெடுத்துக் கட்டியை எடுத்தனர். துணையின்றி வாழும் நிலையை அடைந்தோர் நூற்றுக்கு 49, எடுக்காதவர்களில் 13. அவ்வளவு நேரம் மூளை எவ்வாறு தாங்கியது? வில்லிஸ் கண்ட மறுமதகின் நீரே காரணம். பக்கத்துத் தமனிகளின் கிளைகள் வழியே சிலருக்குக் குருதி சுற்றிவந்து சேர்கிறது. எல்லார்க்கும் அப்பேறு வாய்ப்பதில்லை. பெருந்தமனி அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஒருவர் கணக்கிட்டார். அது சராசரிக் கணக்கு. நம் வீட்டு நோயாளி எவ்வகையினர் என்பதைப் படம் எடுத்தாலன்றி யாரும் அறியார்.

இனி நாம் வாழும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். இங்குள்ள மருத்துவக் கல்லூரி 1951-இல் பண்டித நேருவால் திறந்துவைக்கப்பட்டது. அதன் வளாகத்தை ஒட்டி எழுந்த மாளிகையைத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1973-இல் மக்களுக்கென வழங்க, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் 1976-இல் தொடங்கியது. ஆலயக் கதவுகளை 1936-இல் அனைவருக்கும் திறந்துவிட்ட மன்னரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பூஜப்புரையிலுள்ள சாதல்மண்டு அரண்மனையும் அதன் தொழில்நுட்பப் பிரிவுக்குக் கிடைத்தது. முதல் இயக்குநர் டாக்டர் எம். எஸ். வலியத்தான், இதய மருத்துவரும் பொறியாளரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யவேண்டும் என்றவர். உள்நாட்டில் ஆக்கிய இதய வால்வு 1990-இல் இங்கேதான் முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி தேசியச் சிறப்புடைய நிறுவனமாயிற்று. இதயமும் மூளையுமே அதன் இரு கண்கள். நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நம் உறவினர் “சித்திரை ஆஸ்பத்திரி” என்று கேட்டுக்கொண்டு தம்பானூரில் வந்திறங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

இந்நகரில் பக்கவாதம் கண்டோரை வீடுவீடாகவும் மருத்துவமனைதோறும் கணக்கெடுத்த திருவனந்தபுரப் பதிவேட்டின் முடிவு 2009-இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் 541 பேர். நகரத்தார் 431, சிற்றூரார் 110. மக்கள்தொகையோடும் வயதோடும் பொருத்திப் பார்த்தால், நகரிலும் சிற்றூரிலும் நோய் வரும் அளவில் வேறுபாடு பெரிதாக இல்லை. ஆனால் 28 நாள்களுக்குள் இறந்தோர், நகரில் நூற்றுக்கு 24.5, சிற்றூரில் 37.1. அப்பதிவேட்டின் இந்த ஒரு வரியே மற்றெல்லாவற்றினும் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது. பின்னர்க் கேரள அரசு சிரஸ் என்னும் திட்டத்தின்கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் பக்கவாதப் பிரிவுகளை ஏற்படுத்தியதற்கு இத்தகைய வேறுபாடும் ஒரு நியாயமாகும்.

அண்மையில் படத்தைப் பார்க்கும் வேலைக்குக் கணிப்பொறியும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆஞ்சியோகிராமில் தமனி அறுபட்ட இடத்தைத் தானே கண்டு மருத்துவரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றுக்கு 2018 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இசைவளித்தது. அதே ஆண்டில் இந்திய ஆய்வாளர்கள், ஏறத்தாழ மூன்று லட்சம் தலை ஸ்கேன்களைக் கொண்டு கணிப்பொறிக்குப் பயிற்சி தந்து, குருதிக் கசிவையும் எலும்பு முறிவையும் கண்டுகொள்ளச் செய்ததை லான்செட் ஏட்டில் வெளியிட்டனர். சிறு கிளைத் தமனிகளின் அடைப்பை இத்தகைய மென்பொருள்கள் தவறவிடுவதுண்டு. நள்ளிரவில் தேர்ந்த கண் அருகில் இல்லாத ஊரில் இவை உதவும். தேர்ந்த கண்ணுக்கு மாற்றாகா.

எந்த இயந்திரமும் எந்த மென்பொருளும் சொல்லாத ஒன்றைத்தான் மருத்துவர் முதலிற் கேட்பார்: கடைசியாக இவர் நலமாக இருந்தது எத்தனை மணிக்கு? 4½ மணி நேரம் என்ற எல்லை அந்த நேரத்திலிருந்தே தொடங்குகிறது. உறக்கத்தில் நேர்ந்திருந்தால் விழித்த நேரமன்று, படுக்கச் சென்ற நேரமே கணக்கு. கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய தெருக்களிலும் நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதியோர் இருவரே தனித்து வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் விழுந்தால், தைலம் தேய்த்துப் பார்ப்பதிலும், பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லி விடை வரக் காத்திருப்பதிலும், விடியட்டும் என்பதிலும் அந்நேரம் கழிகிறது. வாய் கோணல், கை தளர்தல், சொல் குழறல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலே 108-ஐ அழைக்கலாம்; அழைக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து மணியை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். குருதி உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை உட்கொள்பவராயின் அதன் பெயரையும் அத்தாளில் எழுதி, சி.டி. ஸ்கேனும் பக்கவாதப் பிரிவும் இரவு பகலாக இயங்கும் மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும். அங்கே வெறும் படத்தில் ஒன்றுமில்லை என்று கூறப்பட்டால், தமனியைப் பார்த்தீர்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.